மருந்து தெளிக்கும் விமானத்தில் இன்ஜின் திணறினால்: கேள்வி-பதில்

கே: மூன்று மீட்டர் உயரத்தில் தெளித்துக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நின்றால் விமானி என்னதான் செய்ய முடியும்?

ப: இருக்கிற வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டே சுமையைக் கொட்டுவார். செஸ்னா ஆக் டிரக்கின் மருந்துத் தொட்டி 280 கேலன், அதாவது ஆயிரம் லிட்டருக்கு மேல். நிரம்பியிருந்தால் ஒரு டன். அடியில் பெரிய கதவு, அதைத் திறக்க விமானி பக்கத்தில் ஒரு லீவர். நெருக்கமான குடியிருப்புகளுக்கு மேல் தெளிக்கும் விமானம் சுமையில் பாதியையாவது 45 நொடிக்குள் கொட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. வயலுக்கு மேல் அவ்வளவு நேரம் யாருக்குக் கிடைக்கிறது? தேடாமலே கை லீவருக்குப் போக வேண்டும். அப்புறம் மூக்கைத் தாழ்த்தி, நேர் எதிரே கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டியதுதான். ஓடுதளத்துக்குத் திரும்பிவிடலாம் என்று வளைத்தால் வேகம் செத்து, இறக்கை தாங்காமல், விமானம் குப்புற விழும். பயிருக்குள் இறங்கி நொறுங்கினாலும் பரவாயில்லை; காக்பிட் கூண்டை அதற்கென்றே பலமாகக் கட்டியிருக்கிறார்கள்.

கே: 30 டிகிரி வெயிலில் கார்பரேட்டரில் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) ஐஸ் கட்டும் என்கிறார்களே, கதையா?

ப: கதையில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் அழுத்தம் குறைவதும் சேர்ந்து குளிரைக் கூட்டுகிறது. காற்றில் உள்ள ஈரம், இன்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் வால்வைச் சுற்றி ஐஸாகப் படியும். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றாலும் இது நடக்கலாம் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏவின் கையேடே சொல்கிறது. தண்ணீர் நிற்கும் நெல்வயல் மேல் விடியற்காலையில் தெளிப்பவர்கள் கவனிக்க.

பைப்பர் பாவ்னி போன்ற விமானத்தில் த்ராட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) இறங்கும். உடனே கார்பரேட்டருக்குள் சூடான காற்றை விடும் கார்பரேட்டர் ஹீட்டை முழுதாகப் போடுங்கள். உருகிய நீர் உள்ளே போவதால் இன்ஜின் முதலில் இன்னும் மோசமாகத் திணறும். பயந்துபோய் ஹீட்டை அணைத்துவிடாதீர்கள். விபத்து நடந்துவிட்டால், விசாரணைக்கு ஆள் வருவதற்குள் ஐஸ் இருந்த தடமே இருக்காது. இன்ஜினைப் பிரித்தாலும் கோளாறு தெரியாது. 'காரணம் தெரியவில்லை' என்று முடியும் அறிக்கைகளில் நான் முதலில் தேடுவது அன்றைய ஈரப்பதத்தைத்தான்.

கே: கேஜில் எரிபொருள் காட்டுகிறது, இன்ஜின் நிற்கிறது. எப்படி?

ப: மருந்துக்கு எடை விட்டுக்கொடுக்க எரிபொருளைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசை முடிவிலும் சட்டென்று சாய்ந்து திரும்புகிற தொழில் இது. தொட்டியில் இருக்கும் கொஞ்சமும் ஒரு பக்கம் ஒதுங்கினால் குழாய் காற்றைக் குடிக்கும். தொட்டியின் காற்றுத் துளையில் குளவி மண்கூடு கட்டினாலும் இதே கதி. அடியில் தேங்கும் தண்ணீரைத் தினமும் காலையில் வடித்துப் பார்க்காதவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

கே: டர்பைன் இன்ஜினுக்கு மாறினால் தொல்லை தீருமா?

ப: கார்பரேட்டர் தொல்லையும், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ தொல்லையும் தீரும். ஏர் டிராக்டர் 502-இல் உள்ள பிடி6 நம்பகமான டர்பைன் இன்ஜின். ஆனால் அதன் எரிபொருள் கட்டுப்பாட்டுக்கு அழுத்தக் காற்று கொண்டுபோகும் மெல்லிய குழாய் கசிந்தால், பவர் லீவரை எவ்வளவு தள்ளினாலும் இன்ஜின் ஐடிலுக்கு, அதாவது சும்மா ஓடும் குறைந்த வேகத்துக்கு, இறங்கிவிடும். அணையாது, இழுக்கவும் இழுக்காது.

கே: பெட்ரோலில் ஓடும் பிஸ்டன் இன்ஜின் விமானத்தில் தவறி ஜெட் எரிபொருள் ஊற்றிவிட்டால்?

ப: குழாயில் மிச்சமிருக்கும் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகும், ஓடும், மேலேயும் எழும்பிவிடும். அப்புறம்தான் சிலிண்டருக்குள் தாறுமாறாக வெடித்து நொறுக்கும். 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல் நீலம், ஜெட் எரிபொருள் வெளிர் நிறம். கலந்துவிட்டால் நிறத்தை நம்ப முடியாது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஜெட் எரிபொருள் எண்ணெய் வளையம் விட்டுப்போகும்.