மூன்று நாளுக்கு ஒரு பள்ளத்தாக்கு போதும்

கேள்வி: இங்கிலாந்தில் லெஸ்டரில் வசிக்கிறோம். மே மாதக் கடைசியில் வரும் பள்ளி விடுமுறையில், கோவையிலிருந்து வந்திருக்கும் மாமனார், மாமியாரோடு மூன்று நாள் கிராமப்புறம் சுற்றலாம் என்று திட்டம். மாமனார் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமியாருக்கு முழங்கால் வலி. இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். பிள்ளைகளுக்கு 8, 11 வயது. எல்லோரும் காட்ஸ்வோல்ட்ஸ் போகச் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: காட்ஸ்வோல்ட்ஸ் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் விடுமுறை வாரத்தில் பாதி நேரம் பார்க்கிங் தேடுவதிலேயே போய்விடும். நாலு ஊரில் கல்வீடு பார்த்ததும் பிள்ளைகளும் சிணுங்க ஆரம்பிப்பார்கள். மாமனாரின் தொழிலைப் படித்ததுமே எனக்குத் தோன்றியது, உங்களுக்கு வடக்கே இருக்கும் டெர்பிஷயர் மாவட்டம். அங்கே பேக்வெல் என்ற சிற்றூரில் தங்கினால், நான் சொல்லும் இடமெல்லாம் ஏறக்குறைய அரை மணி நேரக் கார் தூரம்தான்.

முக்கியமானது க்ராம்ஃபர்ட். தண்ணீர் விசையில் ஓடும் பஞ்சு நூற்பாலையை 1771-இல் ரிச்சர்ட் ஆர்க்ரைட் தொடங்கிய ஊர். டெர்வென்ட் பள்ளத்தாக்கின் ஆலைகள் 2001 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. பக்கத்து ஈயச் சுரங்கங்களிலிருந்து வடிந்துவந்த நீர் சற்று வெதுவெதுப்பானது. குளிர்காலத்திலும் உறையாததால் சக்கரம் நிற்காது. ஆர்க்ரைட்டின் எந்திரத்தில், ஒன்றைவிட ஒன்று வேகமாகச் சுழலும் உருளை ஜோடிகள் பஞ்சை இழுத்து மெலிதாக்கும். டிராஃப்டிங் என்று மில்காரர்கள் இன்றும் சொல்லும் அதே வேலை. அந்த இடத்தில் கைடை விட்டுவிட்டு மாமனாரைப் பேசவிடுங்கள். ஊருக்குள் நார்த் ஸ்ட்ரீட்டில் 1776-இல் தொழிலாளர்களுக்காகக் கட்டிய வீடுகளின் மேல்மாடியைப் பாருங்கள். தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று நீள ஜன்னல் வைத்திருப்பார்கள். ஆலைக்கு எதிரேயே கால்வாய். அதன் கரைப்பாதை சமதளம் என்பதால் மாமியாரால் முடிந்தவரை நடக்கலாம்.

அடுத்து ஈம் என்ற கிராமம். 1665-இல் லண்டனிலிருந்து தையல்காரர் ஒருவருக்கு வந்த துணியோடு பிளேக் நுழைந்தது என்பார்கள். மறு வருடக் கோடையில், பாதிரியார் வில்லியம் மோம்பெசன் சொன்னதை ஏற்று, நோய் வெளியே பரவாதபடி ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. மாண்டவர்கள் 260 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பாதிரியாரின் மனைவி கேத்தரினும் அதில் ஒருவர். இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள் அந்தந்த வீட்டு வாசலிலேயே இருக்கும். பெரியவர்கள் தேவாலயத்தில் உட்கார்ந்திருக்கட்டும். பிள்ளைகளை ஸ்டோனி மிடில்டன் போகும் வயல்பாதையில் எல்லைக்கல் வரை கூட்டிப்போங்கள். வெளியூரார் வைத்துப்போகும் உணவுக்கான காசை, நோய் தொற்றாதிருக்க வினிகர் ஊற்றிய அந்தக் கல்லின் குழிகளில் போட்டுவைப்பார்களாம். குழிக்குள் விரலை விட்டுப் பார்க்காத பிள்ளையை நான் கண்டதில்லை. ஒரு தாய் எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் புதைத்த ரைலி கல்லறைகளும் பக்கத்தில்தான். எட்டு வயதுக்கு அது தாங்குமா என்பதை நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மீதி நாளுக்கு மான்சல் ட்ரெயில். 1968-இல் மூடிய ரயில்பாதை இப்போது நடக்கவும் சைக்கிள் ஓட்டவும். பழைய ரயில் சுரங்கப்பாதைகளுக்குள் சைக்கிள் ஓட்டுவது பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஹாசப் பழைய ஸ்டேஷனில் வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். மான்சல் ஹெட் மேட்டிலிருந்து கீழே இறங்கும் பாதை செங்குத்து. மாமியார் மேலேயே நின்று, கீழே தெரியும் பழைய ரயில் பாலத்தைப் பார்த்தால் போதும், காட்சியும் அங்கிருந்துதான் அழகு.

சாப்பாட்டில் கவனம். அந்த ஊரின் பெயர்பெற்ற இனிப்பான பேக்வெல் புட்டிங்கில் முட்டை உண்டு. சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டுவிட்டு வாங்குங்கள். பல பப்களில் மதியம் இரண்டரைக்குமேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். சமையலறையோடு ஒரு காட்டேஜ் எடுத்து, குக்கரைக் கையோடு கொண்டுபோவது உத்தமம்.

திங்கட்கிழமை பேக்வெல்லில் சந்தை. அதுவே பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) என்றால் கார் நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அன்று காலையிலேயே க்ராம்ஃபர்டுக்குக் கிளம்பிவிடுங்கள்.