மயிலாப்பூரில் பெரிய வீடு வாடகைக்கு: கேள்வி பதில்

கேள்வி: சார், பெரியவர்களோடு சேர்த்து ஏழு பேர். மாட வீதிப் பக்கம் மூன்று பெட்ரூம் வீடு தேடுகிறோம். எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முதலில் படிக்கட்டு. அங்கே பழைய ஃபிளாட்டுகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. முதல் மாடிக்கு மேல் போகாதீர்கள். கார் இருந்தால் மாட வீதியிலேயே எடுக்காமல் இரண்டு தெரு தள்ளிப் பாருங்கள். பங்குனியில் கபாலீஸ்வரர் கோயில் தேர், அறுபத்துமூவர் உற்சவ நாட்களில் வண்டியை வெளியே எடுக்க முடியாது. நவராத்திரி நெருங்கினால் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைக் கடைதான். சாமி வாசலுக்கே வருகிறாரே என்று சந்தோஷப்படுகிறவர்கள் தாராளமாக அங்கேயே குடியேறலாம்.

கேள்வி: முற்றம் வைத்த பழைய வீடு ஒன்று பிடித்திருக்கிறது. கூரை தாங்குமா என்று பயம்.

பதில்: மெட்ராஸ் டெரஸாக இருக்கும். மர உத்தரங்களுக்கு மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை போட்ட கூரை. ஒழுங்காகப் பராமரித்திருந்தால் இன்றைய கான்கிரீட்டைவிட நம்பலாம் என்பேன். ஆனால் உத்தரம் சுவருக்குள் நுழைகிற முனையைப் பார்க்காமல் வராதீர்கள். ஈரம் தங்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஏணி கேட்டு ஏறி, டார்ச் அடித்து, வீட்டுச் சாவியால் அழுத்துங்கள். சாவி உள்ளே இறங்கினால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஒரு அறையின் சீலிங் மட்டும் புது வெள்ளையில் பளிச்சென்று இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். மொட்டை மாடியில் தண்ணீர் வடியும் துவாரத்தில் அரசங்கன்று முளைத்திருந்தால் மழைக்காலத்தில் கூடத்தில் பக்கெட் வைக்க வேண்டியிருக்கும். கட்டட அமைப்பு சார்ந்த பழுது வீட்டுக்காரர் பொறுப்பு. அதை ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். மூன்று மாதம்தானே சட்டம்?

பதில்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது. கூடவே, இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று வழியும் விட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டால் நீங்கள் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். அதனால் பேரம் பேச வேண்டியது அதற்கு முன்னால். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது சண்டை வருவது அதில்தான். பதினோரு மாத ஒப்பந்தம் என்றாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம்.

கேள்வி: வீட்டுக்காரர் அமெரிக்காவில். வாடகை 60,000. அவர் மச்சான் கையெழுத்துப் போடுகிறார்.

பதில்: மச்சானிடம் பவர் பத்திரத்தைக் கேளுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். அடுத்தது வரி. இங்கே வசிக்கும் உரிமையாளருக்கு மாதம் 50,000க்கு மேல் கொடுத்தால் நீங்கள்தான் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், அதாவது வாடகையிலேயே வரியைக் கழித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து 2 சதவீதம், அதற்கு முன் 5. உங்கள் வீட்டுக்காரர் மாதிரி வெளிநாட்டில் வசிக்கும் என்ஆர்ஐ என்றால் அந்த 50,000 வரம்பே கிடையாது, 30 சதவீதமும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் போகும். குறைந்த விகிதத்துக்கு அவர் வருமான வரித் துறையில் சான்று வாங்கலாம். பிடிக்காமல் விட்டால் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். ஆடிட்டரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கேள்வி: கரன்ட்டுக்குத் தனி இணைப்பு இல்லை, வீட்டுக்காரர் வைத்த சப் மீட்டர்தான், யூனிட் பத்து ரூபாயாம்!

பதில்: தனி மீட்டர் உள்ள வீட்டைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கே கிடைக்கும்.

கேள்வி: அண்ணா, தண்ணீர் எப்படி?

பதில்: தெருவுக்குத் தெரு மாறும். சில இடத்தில் போர் தண்ணீர் உப்பு. குழாயைத் திறந்து வாயில் விட்டுப் பாருங்கள். மெட்ரோ தண்ணீர் சம்ப்புக்கு எத்தனை மணிக்கு வருகிறது, மே மாதம் லாரி வாங்கினார்களா என்பதைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். வாட்ச்மேனிடம் கேளுங்கள்.