பொன்னியின் செல்வனை இரண்டாம் பாகத்தோடு நிறுத்திவிட்டேன். எல்லாரும் கொண்டாடும் நாவல் எனக்கு இழுவையாகத் தெரிவது ஏன்?

இழுவை இருப்பது நிஜம்தான். ஆனால் அதில் பாதி, நீங்கள் படிக்கும் வேகத்தால் வருவது.

கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை மூன்றரை வருடம் ஓடிய தொடர்கதை இது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். போன வாரக் கதையை மறந்துபோன வாசகருக்காகவே பாத்திரங்கள் பழைய சங்கதியைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொள்கிறார்கள். அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு நிழலோ அலறலோ வருவது அடுத்த இதழை வாங்கவைக்க. சனி, ஞாயிறில் உட்கார்ந்து நாற்பது அத்தியாயத்தை ஒரே மூச்சில் படித்தால் தையலெல்லாம் வெளியே தெரியும். ஒட்டுக்கேட்பது எத்தனை தடவை, தண்ணீரில் விழுந்து பிழைப்பது எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். நாளைக்கு மூன்று அத்தியாயம் போதும். நூறு நாளுக்குள் முடிந்துவிடும்.

அலுப்பில் இலங்கைப் பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள். ஊமை ராணிக்கும் நந்தினிக்கும் உள்ள முகஜாடை முடிச்சு அங்கேதான் இறுகுகிறது. அதை விட்டால் ஐந்தாம் பாகத்தில் யாருக்கு யார் என்ன உறவு என்றே புரியாது. அந்தப் பாகம் மட்டும் 91 அத்தியாயம்! சைவ, வைணவ வாக்குவாதங்களை வேகமாகப் புரட்டலாம் (ஆழ்வார்க்கடியானின் ரசிகர்கள் அடிக்க வருவார்கள்).

இன்னொரு ஏமாற்றம் தலைப்பால் வருவது. பொன்னியின் செல்வன் என்றால் அருள்மொழி, பின்னாளைய ராஜராஜன். ராஜராஜன் ஆட்சி, பெரிய கோயில் என்று எதிர்பார்த்தால் கிடைக்காது. அவர் பட்டத்துக்கு வந்தது 985இல். கதை அதற்கு வெகுமுன்பே நின்றுவிடுகிறது. வந்தியத்தேவன் அவரைச் சந்திப்பதே இரண்டாம் பாகத்தில்தான். சந்தித்த பிறகும் அருள்மொழி குறையே இல்லாத மனிதர், அதனாலேயே கொஞ்சம் சப்பென்று இருக்கிறார். குந்தவையும் அப்படித்தான். தப்புச் செய்துவிட்டு வாயால் தப்பிக்கும் வந்தியத்தேவன், தன்னையே எரித்துக்கொள்ளும் ஆதித்த கரிகாலன், நந்தினி, பெரிய பழுவேட்டரையர், இந்த நால்வருக்காகப் படியுங்கள்.

வரலாறு என்று நம்பிப் படிப்பவர்களும் குழம்புவார்கள். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கற்பனை. ரவிதாசன் நிஜம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில், கரிகாலனைக் கொன்றவர்களாகச் சோமன், ரவிதாசன், பரமேசுவரன் பெயர்கள் இருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் வந்தியத்தேவன் குதிரையில் போகும் வீரநாராயண ஏரி, இன்றைய வீராணம், அந்த ஊருக்குப் பக்கத்தில்தான். கல்வெட்டு பெயர் சொல்கிறது. கல்கியோ கொலை யார் கையால் நடந்தது என்பதை மூட்டமாகவே விடுகிறார். அதை ஏமாற்று வேலை என்று திட்டுபவர்கள் உண்டு. நாவலின் கெட்டிக்காரத்தனமே அதுதான் என்பது என் கட்சி.

கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை என்பதால் பதிப்புகள் ஏராளம். சுருக்கப் பதிப்பு கையில் மாட்டிவிடாமல் அத்தியாய எண்ணிக்கையைச் சரிபார்த்து வாங்குங்கள். ஒரே தொகுதியாக வருவதைவிட ஐந்து தனிப் புத்தகங்கள் கைக்கு அடக்கம். கடைசி அத்தியாயத்தோடு மூடிவிடவும் வேண்டாம். முடிவு சட்டென்று வந்துவிட்டது என்று அன்றைய வாசகர்களும் குறைப்பட்டார்கள். அவர்களுக்குக் கல்கி சொன்ன பதிலும், யார் யார் பிறகு என்ன ஆனார்கள் என்பதும் முடிவுரையில் இருக்கின்றன.