ஜெர்மனியின் 'பில்ட்' பத்திரிகை மீது கிரேக்கர்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?

எல்லாம் 2010 கடன் நெருக்கடியில் ஆரம்பித்தது. கிரேக்க அரசு கடனில் மூழ்கி, மற்ற யூரோ நாடுகளிடம் கைநீட்டிய நேரம். அப்போது 'பில்ட்' போட்ட தலைப்பு ஏறக்குறைய இப்படி: "திவாலான கிரேக்கர்களே, உங்கள் தீவுகளை விற்றுவிடுங்கள்!" கூடவே ஏதென்ஸ் குன்றின் மேல் இருக்கும் பழங்காலக் கோட்டையான அக்ரோபோலிஸையும் விற்கச் சொன்னது.

தீவை விற்கும் யோசனை பத்திரிகையின் சொந்தச் சரக்கு அல்ல; ஜெர்மன் அரசியல்வாதிகள் சிலர் சொன்னதுதான். ஆனால் அதைக் கேலியாக்கி, ஒரு தேசத்தையே சோம்பேறிக் கூட்டமாகக் காட்டியது பில்டின் கைவண்ணம். சம்பள வெட்டு, ஓய்வூதிய வெட்டு என்று அங்கே சாதாரண மக்கள்தான் அடிவாங்கிக்கொண்டிருந்தார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சினால் கோபம் வராமல் இருக்குமா?

அப்புறம் 2015 பிப்ரவரியில் இன்னொரு படி மேலே போனார்கள். "பேராசைக் கிரேக்கர்களுக்கு இனி கோடிகள் கிடையாது" என்ற பொருளில், 'நைன்' (வேண்டாம்) என்று பெரிதாக அச்சடித்து, அந்தப் பக்கத்தோடு செல்ஃபி எடுத்து அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டார்கள். இது செய்தி இல்லை, அரசியல் பிரசாரம் என்று ஜெர்மன் பத்திரிகையாளர் சங்கமே கண்டித்தது. என் பார்வையில் முதல் தலைப்பைவிட இதுதான் மோசம். ஆனாலும் ஜெர்மன் நாடாளுமன்றம் மறுநாளே பெரும்பான்மையோடு கிரேக்கத்துக்கான கடனுதவியை நீட்டித்துவிட்டது.