எம்.பி.ஏ. கடனுக்குக் கையெழுத்துப் போடுமுன்

உங்கள் பெண்ணுக்கு 27 வயது. எம்.எஸ்சி. கணிதம், பி.எட்., தனியார் பள்ளியில் நான்கு ஆண்டு வேலை. இப்போது மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவின் மாவட்டக் கல்வி அலுவலகம் ஒன்றுக்குத் தன்னார்வலராகப் போகிறேன் என்கிறாள். வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பெரிய மாமா, கடன் வாங்கியாவது பெயர்பெற்ற கல்லூரியில் எம்.பி.ஏ. சேர்த்துவிடச் சொல்கிறார். உங்கள் கலக்கம் புரிகிறது, ஐயா. ஆனால் மாமாவின் யோசனைக்கு நான் தலையாட்டப் போவதில்லை.

எம்.பி.ஏ.வின் பெருமையை உறவினர்களே மனப்பாடமாகச் சொல்வார்கள்; அதை விடுங்கள். என்னிடம் பேசிய நேரமெல்லாம் அவள் பேசியது, பள்ளிகள் ஏன் இப்படி நடக்கின்றன என்பதைப் பற்றித்தான். அவளைக் கடனாளியாக்கி, கேட்காத ஒன்றைக் கற்பிப்பானேன்?

"சும்மா சேவைதானே" என்கிறாராம் மாமா. மரத்தடியில் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருவது என்று நினைத்திருப்பார். வட கானாவில் இந்த வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சொல்வது வேறு கதை. காலையில் மேசை மேசையாகப் போய் வணக்கம் சொல்லி, வீட்டார் நலம் விசாரித்த பிறகுதான் கோப்பைத் தொடலாம். இல்லாவிட்டால் திமிர் பிடித்தவள் என்று பெயர். உட்காருவதற்குள் மாவட்டக் கல்வி இயக்குநர் கூப்பிடுவார்: நாளை மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்குப் பயிற்சி, கையேடு எங்கே? (2007 சீர்திருத்தத்தில் இரண்டாண்டு மழலையர் வகுப்பும் அங்கே கட்டாயக் கல்வியில் சேர்ந்துவிட்டது.) நகலெடுக்கப் போனால் மின்சாரம் இருக்காது. மின்சாரம் வந்தால், ஹர்மட்டான் காற்று கொண்டுவந்த சகாராப் புழுதி இயந்திரத்துக்குள் அப்பியிருக்கும்.

இதற்கிடையில் பள்ளிக் கணக்கெடுப்புப் படிவங்கள் குவியும். வருகைப் பதிவேட்டில் ஓர் எண், படிவத்தில் வேறோர் எண். போகட்டும் என்று விட முடியாது. 2005 முதல் பள்ளிகளுக்கு அரசு தரும் மானியம் மாணவர் தலையை எண்ணித்தான் வருகிறது. நேரில் போய்ப் பார்க்கலாமென்றால் மேற்பார்வையாளரின் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் இல்லை, அவருக்குப் பயணப்படியும் வரவில்லை. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தால் அன்று சந்தை, வகுப்பில் பாதி இருக்கை காலி. வட கானாவின் பொல்கடங்கா நகரில் மூன்று நாளுக்கொரு முறை சந்தை கூடுகிறது. கிழமையை நம்பித் திட்டம் போடுகிறவர் கெட்டார். தரவு, நிதி, பயிற்சி, அதிகாரிகளிடம் பக்குவமாகப் பேசுவது என எல்லாம் இந்த ஓட்டத்திலேயே கைக்கு வரும். கல்வித் துறையில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் ஆள் எடுக்கும்போது பார்ப்பது இதைத்தான்.

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இல் உருவானது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். வெளிநாட்டுச் சிறப்புத் தன்னார்வலராக 27 வயதும் மூன்றாண்டு அனுபவமும் கேட்கிறார்கள். அவளிடம் இரண்டும் இருக்கின்றன. தேர்வானால் பயணச் செலவு, மாதப் படி, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. 1958-இல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வலர் அமைப்பும் வட கானாவின் கல்வி அலுவலகங்களுக்கு ஆட்களை அனுப்பி வந்திருக்கிறது. இரண்டின் அறிவிப்புகளையும் அவளே தொடர்ந்து பார்க்கட்டும்.

பணத்தில் மட்டும் நான் கறார். சேவை செய்ய இத்தனை டாலர் கட்டுங்கள் என்று எந்த ஏஜென்சி கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். அது சுற்றுலா வியாபாரம். மாதப் படி சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதும், வீட்டுக் கடன் தவணைக்குப் போதாது. அவள் சம்பளத்தை நம்பித்தான் தவணை ஓடுகிறதென்றால், முதலில் அதற்கு வழி செய்யுங்கள், பிறகு அனுப்புங்கள். கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் போகிறாளா என்பதையும் அவளிடம் நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் கானா அதற்கு மருந்தில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் கானாவுக்குள் விடமாட்டார்கள். பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னதாகப் போட வேண்டும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரைப் பாருங்கள். எம்.பி.ஏ. கல்லூரிக்கு இந்த வாரம் முன்பணம் கட்ட வேண்டும் என்றீர்களே, கட்டாதீர்கள்.