கொங்குப் பகுதியில் சர்ச்சுக்குப் போகிறவர்கள் குறைகிறார்களா? எதை வைத்துச் சொல்வது?

நீங்கள் கேட்டது இரண்டு. மேலை நாடுகளைப் போல கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமும் சர்ச்சுகள் காலியாகின்றனவா? அதை சென்சஸ் கணக்கைப் பார்த்துச் சொல்ல முடியுமா? இரண்டாவதற்கு முதலில் பதில்: முடியாதுங்க. நம்ம பக்கம் பட்டியலில் இருக்கிற பெயரும் பெஞ்சில் உட்காருகிற ஆளும் ஒன்றல்ல.

இங்கிலாந்து, வேல்ஸில் தங்களைக் கிறிஸ்தவர் என்று எழுதியவர்கள் 2011-ல் 59.3%, 2021-ல் 46.2%. அவர்களிலும் ஞாயிறு தவறாமல் போகிறவர்கள் சிறு பங்குதான். போகிற பழக்கம் முதலில் நிற்கும், பெயர் மெதுவாகப் பின்னால் கழலும். ஜெர்மனியில் கட்டும் வருமான வரியில் 8 அல்லது 9 சதவீதத்தைச் சபை வரியாகக் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். விலகினால் பணம் மிச்சம் என்பதால் அங்கே முறைப்படி எழுதிக் கொடுத்தே விலகுகிறார்கள்.

தமிழ்நாட்டில் சென்சஸ்படி கிறிஸ்தவர்கள் 2001-ல் 6.07%, 2011-ல் 6.12%. அசையவே இல்லை என்று தோன்றும். ஆனால் 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும்தான். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். அந்தச் சாதிக்காரர் கிறிஸ்தவர் என்று எழுதினால் இங்கே பி.சி. ஆகிவிடுவார். பிள்ளையின் எஸ்.சி. இடஒதுக்கீடு, ஊராட்சியில் எஸ்.சி.க்கு ஒதுக்கிய வார்டில் நிற்கும் உரிமை எல்லாம் போச்சு. ஆகவே காலனி ஜெபவீட்டில் வாராவாரம் பாயில் உட்கார்ந்து பாடுகிறவர் சான்றிதழில் இந்துவாகவே இருப்பார். இதை ஏமாற்று வேலை என்பவர்கள் உண்டு. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் நம்புகிறது, ஊர் நம்புவதில்லை. கோளாறு அங்கே என்பேன் நான்.

பழைய சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் இதற்கு நேர்மாறு. சந்தா கட்டினால்தான் சபைத் தேர்தல் ஓட்டர் லிஸ்டில் பெயர் வரும். கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க, கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க, மிஷன் பள்ளி சீட்டுக்கு ஆயரிடம் கடிதம் வாங்க அந்த ரசீது உதவும். எனவே பல வருடமாகப் பெந்தெகொஸ்தே கூட்டத்துக்குப் போகிற குடும்பம்கூட இங்கே சந்தாவை நிறுத்தாது. பட்டியல் நீளமாக இருக்கும், பின் பெஞ்சுகள் காலியாக இருக்கும்.

அந்தக் கடிதத்துக்கும் முன்னிருந்த மவுசு இல்லை. கோவையில் ஸ்டேன்ஸ் பள்ளி 1862-லேயே வந்துவிட்டது. நல்ல இங்கிலீஷ் என்றால் மிஷன் பள்ளி, கான்வென்ட் என்று வெகுகாலம் ஓடியது. நாமக்கல், ராசிபுரம் உறைவிடப் பள்ளிகள் மார்க்கைக் காட்டிப் பிள்ளைகளை இழுத்தன. வைத்தியத்துக்கும் கோவையில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் வந்துவிட்டன. ஒரு காலத்தில் கும்பிடப் போகாதவர்களும் ஏதோ வேலையாக மிஷன் காம்பவுண்டுக்குள் வந்துபோனார்கள். என் கணிப்பில் இங்கே நிஜமாகக் குறைந்தது அந்தப் போக்குவரத்துதான்.

வருகை குறைகிறதா என்பதற்குத் தலையை எண்ணுவதே வழி, அதற்கு மாதம் பார்க்க வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபை அக்டோபரில் எண்ணுகிறது. நமக்கு அது ஒத்துவராது: ஆயுத பூஜை லீவு வரும், தீபாவளி நெருக்கத்தில் திருப்பூரில் ஞாயிறும் பனியன் கம்பெனி ஓடும். ஏப்ரல், மே என்றால் ஈஸ்டரும் பள்ளி விடுமுறையும். ஆகஸ்ட் 29-ல் வேளாங்கண்ணியில் கொடியேற்றம், கத்தோலிக்கர்கள் அதற்கு முன்பே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். டிசம்பர் கூட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஜூலையின் நான்கு ஞாயிறுகளை எடுங்கள்.

முதல் பாட்டில் எண்ண வேண்டாம், பாதிப்பேர் அப்போதுதான் வண்டியை நிறுத்திக்கொண்டிருப்பார்கள். காணிக்கைப் பாட்டின்போது எண்ணுங்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளைத் தனியாக எழுதுங்கள். கத்தோலிக்கப் பங்குக் கோயில் என்றால் சனிக்கிழமை மாலைப் பூசையும் கணக்கில் வர வேண்டும். ஞாயிறு பூசைக் கடமை அதிலேயே தீர்ந்துவிடும். காலை எட்டரை ஆராதனை முடித்துப் பத்தரைக்கு ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு இடத்திலும் எண்ணப்படுவார்கள். ஊர் மொத்தத்துக்குக் கணக்குப் போடும்போது இது உதைக்கும்.

காணிக்கைத் தொகையை நம்பாதீர்கள். வாசலில் கியூ.ஆர். கோடு ஒட்டிய நாளிலிருந்து தட்டில் விழுவது குறைந்தால், ஆள் குறைந்ததாக அர்த்தமில்லை. ஆராதனைப் பதிவேட்டில் திருவிருந்து (அப்பமும் ரசமும்) எடுத்தவர்கள் எண்ணிக்கை எழுதியிருந்தால் அதுதான் தங்கம். சி.எஸ்.ஐ.யில் பெரும்பாலும் திடப்படுத்தல் (வளர்ந்தபின் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவர்கள் மட்டுமே எடுப்பதால் மொத்த வருகையைவிடக் குறைவாக இருக்கும். ஆனாலும் அதே சபையின் பத்து வருடக் கணக்கை வரிசையாக வைத்தால் போக்கு தெரியும்.

ஞானஸ்நானம் குறைந்ததைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை என்பது 2020-ன் மாதிரிப் பதிவுக் கணக்கு. எல்லா மதத்துக்கும் தொட்டில் குறைந்திருக்கிறது. அடக்கப் பதிவேட்டையும், சபை மாறிப் போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்குமான கடிதக் கோப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும். வால்பாறையின் மக்கள்தொகை 2001-ல் சுமார் 95,000, 2011-ல் சுமார் 71,000. எஸ்டேட் லயத்தைக் காலி செய்த குடும்பம் கோயிலையும் காலி செய்கிறது, விசுவாசம் அப்படியே இருந்தாலும். கீழே திருப்பூரில் நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்கள் பெஞ்சை நிரப்புகின்றன. ஆனால் அவர்களில் பலர் சந்தாவைச் சொந்த ஊரில்தான் கட்டுவார்கள், அசனத்துக்கும் (சபை விருந்து) கிறிஸ்துமஸுக்கும் அங்கேதான் போவார்கள்.

கம்பெனி விடுதிகளில் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட், ஒடிசா பழங்குடிக் கிறிஸ்தவர்களுக்குத் தமிழ்ப் பூசை புரியாது. இந்திப் பூசை வைக்கும் பங்காக இருந்தால் அதற்கு நோட்டில் ஒரு தனி வரி போட்டு எண்ணிவிடுங்கள், பங்கின் குடும்ப அட்டையில் அவர்கள் இருக்க வாய்ப்பு குறைவு.