கட்டி முடித்த டெக்குக்கு இப்போது அனுமதி கேட்கலாமா?

கேள்வி: லண்டனுக்கு வெளியே ஒரு செமி-டிட்டாச்ட் வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது, வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். கிச்சன் கதவிலிருந்து தோட்டத்துக்கு மூன்று படி இறங்க வேண்டும், அது அவரால் முடியவில்லை. அதனால் போன கோடையில் கதவு மட்டத்துக்கே 5 மீட்டருக்கு 3 மீட்டர் டெக் (பலகை மேடை) போட்டோம். தோட்டம் சரிவானது. டேப் வைத்து அளந்தால் கதவுப் பக்கம் 42 சென்டிமீட்டர், தோட்டத்து முனையில் 80 சென்டிமீட்டர் உயரம். பிளானிங் பெர்மிஷன் (கட்டுவதற்குக் கவுன்சில் தரும் அனுமதி) தேவையில்லை என்று பில்டர் சொன்னார், நம்பிவிட்டோம். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, "28 நாளுக்குள் விண்ணப்பியுங்கள், இல்லையென்றால் அகற்றுங்கள்" என்று கவுன்சில் கடிதம் அனுப்பியிருக்கிறது. நான்கு வருஷம் பேசாமல் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் ஒரு நண்பர். விண்ணப்பித்தால் நாங்களே மாட்டிக்கொள்வோமா? அபராதம் வருமா? கடிதம் வந்ததிலிருந்து அம்மா டெக்குக்கே போவதில்லை.

பதில்:

சகோதரி, முதலில் அபராத பயத்தை விடுங்கள். இங்கிலாந்தில் அனுமதி இல்லாமல் ஒன்றைக் கட்டியது மட்டுமே குற்றம் ஆகாது (பட்டியலிடப்பட்ட பழைய கட்டடம் என்றால் சட்டம் வேறு, உங்களுடையது அது இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்). கவுன்சில் முறைப்படி என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ் (கட்டியதை அகற்றவோ மாற்றவோ சொல்லும் சட்டப்படியான உத்தரவு) கொடுத்து, அது அமலுக்கு வந்து, அதில் சொன்ன கெடு தாண்டியும் நீங்கள் செய்யாமல் இருந்தால்தான் குற்றம். அப்போது அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது. அந்த இடத்துக்கு நீங்கள் இன்னும் போகவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வந்திருப்பது சாதாரணக் கடிதம். ஆனாலும் எடுத்து இன்னொரு முறை தலைப்பைப் பாருங்கள். "என்ஃபோர்ஸ்மென்ட் நோட்டீஸ்" என்று போட்டு, எந்தத் தேதியில் அமலுக்கு வரும் என்று குறிப்பிட்டிருந்தால், அந்தத் தேதிக்கு முன்னால் பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டில் (இந்த மேல்முறையீடுகளை விசாரிக்கும் அரசு அமைப்பு) மேல்முறையீடு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், ஒரு நாள் தாமதமானாலும் அந்தக் கதவு மூடிவிடும். "பிளானிங் கான்ட்ராவென்ஷன் நோட்டீஸ்" என்று இருந்தால் அது கேள்விப் பட்டியல், 21 நாளுக்குள் பதில் கொடுக்காமல் இருப்பது தனிக் குற்றம். இரண்டும் இல்லையென்றால் மூச்சு விட நேரம் இருக்கிறது, அதை நன்றாகப் பயன்படுத்த வேண்டும்.

நண்பர் சொன்ன நான்கு வருஷக் கணக்கு பழைய கணக்கு. 2024 ஏப்ரல் 25க்குப் பிறகு முடிந்த கட்டுமானத்துக்கு இங்கிலாந்தில் அது பத்து வருஷமாகிவிட்டது, உங்கள் டெக் அதற்குப் பிறகு வந்தது. அதோடு கவுன்சிலுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, இனி ஒளிக்க என்ன இருக்கிறது? ஒளித்தவர்களுக்கே பலிக்கவில்லை. சரே பகுதியில் ஒரு விவசாயி வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதற்குள் பெரிய வீடு ஒன்றைக் கட்டிக் குடியேறி, நான்கு வருஷம் ஆனது என்று 2006இல் வைக்கோலை எடுத்துக் காட்டினார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2016இல் வீடு இடிக்கப்பட்டது.

சரி, இப்போது டேப்பை எடுங்கள், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் எல்லாம் இருப்பது இந்த அளவில்தான். இங்கிலாந்தில் டெக்கின் உயரம் 30 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, கொட்டகை, பின்னால் இழுத்துக் கட்டிய அறை எல்லாம் சேர்த்துத் தோட்டத்தில் பாதிக்கு மேல் மூடக் கூடாது, வீட்டின் முகப்புக்கு முன்னால் வரக் கூடாது. இதற்குள் இருந்தால் பொதுவாக விண்ணப்பமே வேண்டாம். (ஃப்ளாட்டுகளுக்கு இந்தச் சலுகை இல்லை. சில புதுக் குடியிருப்புகளிலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் அதைக் கவுன்சில் எடுத்துவிட்டிருக்கும் அல்லது குறைத்திருக்கும், உங்கள் வீட்டின் பழைய அனுமதிக் கடிதத்தைப் பார்த்துவிடுங்கள். ஸ்காட்லாந்தில் இருந்து படிப்பவர்களுக்கு உயரம் 50 சென்டிமீட்டர், மற்ற விதிகளும் வேறு.) பில்டர் மனதில் இந்தச் சலுகைதான் இருந்திருக்கும், அளந்து பார்க்காமல் சொல்லிவிட்டார்.

சரிவான நிலத்தில் எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இந்தச் சலுகையைத் தரும் 2015ஆம் ஆண்டு ஆணை சொல்வது, நிலம் சமமாக இல்லையென்றால் கட்டுமானத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயரமான பகுதியிலிருந்து அளக்க வேண்டும் என்பது. அதாவது உங்கள் வீட்டில் 80 அல்ல கணக்கு, 42. வேலைக்காகக் கொட்டிய மண்ணின் மேல் டேப்பை வைக்காதீர்கள், பழைய நிலமட்டம் எதுவோ அங்கே வையுங்கள், ஒரு ஸ்கேல் தெரிகிற மாதிரி படமும் எடுத்துக்கொள்ளுங்கள். 42 என்பது உறுதியானால் நீங்கள் வரம்பைத் தாண்டியது 12 சென்டிமீட்டர்.

இந்த 12 சென்டிமீட்டர் உங்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். டெக் முழுவதையும் 12, பாதுகாப்புக்கு 13 சென்டிமீட்டர் இறக்கிவிட்டால் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதே இடத்தில் அதே அகலத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை உங்களுக்கு இருக்கிறது. அப்போதும் தோட்டத்து முனை 67 சென்டிமீட்டர் உயரத்தில்தான் நிற்கும். பிளானிங் துறையில் இதை 'ஃபால்பேக்' என்பார்கள், அனுமதி மறுத்தால் சட்டப்படி அடுத்து என்ன கட்ட முடியுமோ அதோடு ஒப்பிட்டுத்தான் பாதிப்பை எடைபோட வேண்டும். இதை விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், இறக்கிய டெக்கின் குறுக்குவெட்டுப் படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். உயரக் கணக்கில் அதிகாரிக்கு வேறு கருத்து இருந்தால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

அதற்காக இன்றைக்கே ஆன்லைனில் போய் அவசரமாக விண்ணப்பத்தைத் தட்டிவிடாதீர்கள். 2024 ஏப்ரல் மாற்றத்தில் இன்னொன்றும் வந்தது, அது பலர் கண்ணில் படவில்லை. கட்டிய பிறகு அனுமதி கேட்டு ஒருமுறை விண்ணப்பித்தீர்கள், மறுத்துவிட்டார்கள், அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் நோட்டீஸ் வருகிறது என்றால், அந்த நோட்டீஸுக்கு எதிரான மேல்முறையீட்டில் "இதற்கு அனுமதியே கொடுத்திருக்க வேண்டும்" என்ற வாதத்தை வைக்க முடியாது. மறுப்புக்கு எதிராக வழக்கமாக 12 வாரத்துக்குள் தனியாக மேல்முறையீடு செய்யலாம், அது இருக்கிறது. ஆனால் உங்கள் பக்க நியாயத்தை முழுதாகச் சொல்ல ஒரே வாய்ப்புத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம், நோட்டீஸ் வந்த பிறகு விண்ணப்பித்தால் அதைப் பார்க்கவே மாட்டேன் என்று சொல்லவும் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு. ஆக, நோட்டீஸுக்கு முன்னால், ஆனால் நன்றாகத் தயாரித்து. கடிதத்தில் இருக்கும் அதிகாரியை நாளைக்கே கூப்பிட்டு, "நாங்கள் விண்ணப்பிக்கிறோம், வரைபடம் தயாராகிறது, இந்தத் தேதிக்குள் வரும்" என்று ஒரு தேதி சொல்லிவிட்டு, அதையே ஈமெயிலிலும் போடுங்கள். நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கவுன்சிலுக்குக் கிடையாது, அது அவர்கள் முடிவு. பதில் சொல்கிறவர்கள் மேல் அவ்வளவு சீக்கிரம் பாய மாட்டார்கள்.

இனி பக்கத்து வீட்டுக்காரர். அவர் மேல் கோபம் வேண்டாம், ஒருமுறை அவர் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் வேலி 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டில் ஒருவர் டெக்கின் முனையில் நிற்கிறார், தரையிலிருந்து கண் வரை ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். 80 சென்டிமீட்டர் டெக்கோடு சேர்த்து 2.3 மீட்டர். வேலிக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் ஒரு முகம், அவர் தேநீர் குடிக்கும் இடத்தைப் பார்த்தபடி. அதிகாரி வந்து பார்க்கப்போவதும் இதைத்தான், எட்டிப் பார்க்க முடிகிறதா, சத்தம் போகிறதா, அடுத்த தோட்டத்திலிருந்து பார்த்தால் முட்டிக்கொண்டு நிற்கிறதா. வீட்டு விலை குறையும் என்பதும், இரண்டு குடும்பத்துக்கும் ஆகாது என்பதும் கணக்கில் வராது.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு டெக்கின் ஓரத்தில் உயரமான மறைப்பு. எனக்கு அது பிடிக்கவில்லை. டெக்குக்கு மேல் 1.7 மீட்டர் மறைப்பு என்றால் அந்த முனையில் நிலத்திலிருந்து 2.5 மீட்டர், பக்கத்துத் தோட்டத்தில் அது சுவர் மாதிரி நிற்கும், பார்வைப் புகார் போய் வெளிச்சப் புகார் வரும். 2 மீட்டரைத் தாண்டுவதால் அந்த மறைப்புக்கும் அனுமதி கேட்க வேண்டும். அதற்குப் பதில் வேலிப் பக்கம் ஒரு மீட்டர் அகலத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிலத்திலேயே செடி வையுங்கள். பலகையைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. 5 மீட்டர் 4 ஆகும், அம்மாவுக்கு அது தாராளம். கட்டியதை அப்படியே வைத்திருக்கத்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்று இல்லை, "இந்த மாற்றத்தோடு வைத்திருக்க" என்றும் கேட்கலாம். அனுப்புவதற்கு முன்னால் அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் அவருக்குக் காட்டுங்கள். கவுன்சில் எப்படியும் அவருக்குத் தகவல் சொல்லி 21 நாள் கருத்துக் கேட்கும், உங்களிடமிருந்து முதலில் கேட்டால் அவர் எழுதுவது வேறு மாதிரி இருக்கும்.

அம்மாவின் நிலையை மறைக்காமல் எழுதுங்கள். நடக்க முடியாதவரின் தேவையைக் கருத்தில் கொள்ள வேண்டிய கடமை 2010 சமத்துவச் சட்டப்படி கவுன்சிலுக்கு இருக்கிறது. ஜிபி (குடும்ப மருத்துவர்) அல்லது ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளுக்கு உதவும் சிகிச்சையாளர்) கொடுத்த ஒரு கடிதம் போதும். இன்னொரு பலனும் உண்டு, அந்த வீட்டில் வசிக்கும் மாற்றுத்திறனாளி வந்துபோகும் வசதிக்காகச் செய்த வேலை என்றால் விண்ணப்பக் கட்டணமே கிடையாது. 2025 ஏப்ரலில் கட்டணங்கள் நன்றாக ஏறியிருக்கின்றன, அதனால் இந்த விலக்கைக் கேட்காமல் விடாதீர்கள். ஆனால் இதையே நம்பியும் இருக்க வேண்டாம். அனுமதி மனிதருக்கு இல்லை, நிலத்துக்கு. அம்மா வெளியே வர ஒரு மேடை வேண்டும் என்பதை அதிகாரி உடனே ஒத்துக்கொள்வார், 15 சதுர மீட்டர் எதற்கு என்றும் கேட்பார். ஒரு மீட்டரைக் குறைக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

காகித வேலை நினைப்பதை விடச் சின்னது. பிளானிங் போர்ட்டல் இணையதளத்தில் ஹவுஸ்ஹோல்டர் விண்ணப்பம் (வீட்டு வேலைகளுக்கானது), 1:1250 அளவில் சிவப்புக் கோடு போட்ட இட வரைபடம், 1:500 அல்லது 1:200இல் வீடும் டெக்கும் வேலியும், அப்புறம் நான்கு பக்கத் தோற்றமும் சரிவைக் காட்டும் வெட்டுப் படமும். இட வரைபடத்தை விலைக்கு வாங்கிவிடுங்கள், மற்றதைக் கையால் அளவோடு வரைந்தாலும் ஏற்பார்கள். வேலை முடிந்துவிட்டதா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று உண்மைத் தேதியைப் போடுங்கள், தெரிந்தே அனுமதியில்லாமல் கட்டியதைக் கவுன்சில் எதிராக எடுத்துக்கொள்ளலாம், அதனால் பில்டர் சொன்னதை நம்பினோம் என்பதையும், அதற்கு மெசேஜ் ஏதாவது இருந்தால் அதையும் சேருங்கள். பொதுவாக எட்டு வாரத்தில் முடிவு வர வேண்டும். வரைகிற நேரத்தில் டெக்குக்கு அடியில் வீட்டுச் சுவரின் காற்றுத் துளைக் கற்கள் அடைபடவில்லையா, சாக்கடை மூடி திறக்க வருகிறதா என்றும் குனிந்து பார்த்துவிடுங்கள்.

மறுத்துவிட்டால்? மேல்முறையீடு செய்யலாம், அல்லது 13 சென்டிமீட்டர் இறக்கலாம். இறக்கினால் கதவில் ஒரு படி வரும், வாக்கருக்கு அது தடை. தூக்கி வைக்கக்கூடிய சாய்தளம் ஒன்று வாங்கினால் போதும், 1:12 சாய்வுக்கு 13 சென்டிமீட்டருக்கு 1.56 மீட்டர் நீளம் வரும். டெக்கில் அதற்கு இடம் இருக்கிறது. எப்படி முடிந்தாலும் முடிவுக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள், வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் சொலிசிட்டர் (வழக்கறிஞர்) முதலில் கேட்பது அதைத்தான். அனுமதி இல்லாத கட்டுமானத்துக்கு இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ் (பின்னால் நடவடிக்கை வந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் காப்பீடு) எடுத்துச் சமாளிப்பது பலர் வழக்கம், ஆனால் கவுன்சிலோடு பேச்சு தொடங்கிய பிறகு பொதுவாக அதைத் தர மாட்டார்கள்.

அம்மா டெக்குக்குப் போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அதுதான் வருத்தமாக இருந்தது. தாராளமாகப் போகலாம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அங்கே உட்காரக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. முனைப் பக்கம் மட்டும் வேண்டாம், 80 சென்டிமீட்டர் பள்ளத்துக்குக் கைப்பிடி இல்லாமல் வாக்கரோடு அங்கே போகக் கூடாது. வீடுகளில் 60 சென்டிமீட்டருக்கு மேல் பள்ளம் இருந்தால் தடுப்பு வேண்டும் என்பதுதான் கட்டட விதிகளின் அளவுகோல், வரைபடத்தில் அதையும் காட்டிவிடுங்கள். நாற்காலியைக் கதவு ஓரமாகப் போடுங்கள். உட்கார்ந்தால் கண் உயரம் டெக்கிலிருந்து ஒரு 115 சென்டிமீட்டர், அங்கே 42 சேர்த்தால் 157. வேலி 180. அம்மாவுக்குத் தோட்டம் தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்கு அம்மா தெரிய மாட்டார்.